கிண்டிக் காடும் ஒரு தட்டு அத்தோவும்

எங்கள் பக்கத்தில் காடு என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தங்கள் உண்டு. பருத்தியும் சோளமும் விளைகிற மானாவாரி நிலம் காடு. மேற்கே மேகம் படிந்து கிடக்கிற மலைத்தொடரில் யானையும் கரடியும் உலவுகிற இடமும் காடு. கடைசியில் நாலு பேர் தோள்மேல் ஏறிப் போய்ச் சேருகிற இடமும் காடுதான். ஆகையால், எழுபத்துமூன்று வயதான என் தாய்மாமனிடம், "மாமா, நாளைக்குச் சாயங்காலம் ஒரு காட்டுக்குப் போய் வரலாமா?" என்று நான் கேட்டது என் பிசகுதான்.

"ஏன் மாப்ளே, டாக்டரு அப்பிடியா சொல்லிட்டாரு?" என்றார் அவர்.

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மாமாவின் இருதயத்தைப் பரிசோதித்துவிட்டு, "தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், வேறொன்றும் பயமில்லை" என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பழனிசெட்டிபட்டியிலிருந்து சென்னைக்கு ரயிலேறி வந்து, சைதாப்பேட்டையில் என் தங்கை வீட்டில் நாங்கள் இருவரும் தங்கியிருந்தோம். ஆனால் மாமாவை நடக்க வைப்பது அவ்வளவு எளிதல்ல. அவர் சோம்பேறி அல்லர். முல்லைப் பெரியாற்றில் குளிக்க நடப்பார். தேனிச் சந்தைக்கு நடப்பார். சாவு வீடென்றால் எவ்வளவு தூரமானாலும் நடப்பார். காரியமில்லாமல் நடப்பதுதான் அவருக்குப் பிடிக்காது. ஷூ மாட்டிக்கொண்டு கையை வீசிப் போகிறவர்களைக் கண்டால், "எதைத் தொலைச்சுட்டுத் தேடுறாய்ங்க?" என்று கேட்பார். இது வெறும் கிண்டல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இதற்கு ஒரு சரித்திரம் உண்டென்பது கிண்டிக்குப் போன அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சென்னை நகரத்துக்குள் ஒரு காடு இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். சர்தார் படேல் சாலையில் பஸ்ஸும் லாரியும் இரைந்து போகும். அந்தச் சாலையின் ஓரத்துச் சுவருக்கு அப்பால் புள்ளிமான் மேயும், நரி ஊளையிடும். 270 ஹெக்டேர் பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்கா, இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. எங்கள் மேகமலையைச் சேர்த்து 2021-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகம் ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீட்டர். அதனோடு ஒப்பிட்டால் கிண்டி ஒரு கொல்லைப்புறம். ஆனால் எங்கள் மலைக்காட்டில் மாமாவைப் போன்றவர்கள் கைவீசி நடக்க முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பொழுதுபோக்காக ஏறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதை எங்கள் ஜில்லா மறக்கவில்லை. கிண்டியில் அந்த அபாயமெல்லாம் இல்லை. நடுக்காட்டுக்குள் கண்டவர் நுழைய அனுமதி இல்லையென்றாலும், ஓரத்திலுள்ள சிறுவர் பூங்காவுக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகலாம். மரநிழலில் பாதை, களைத்தால் உட்காரப் பெஞ்சு, வேலிக்கு அப்பால் நிஜக்காடு. இதயநோயாளிக்கு இதைவிடச் சுலபமான காட்டு நடை வேறெங்கே கிடைக்கும்?

இந்தக் காடு எப்படித் தப்பிப் பிழைத்தது என்பது ஒரு வேடிக்கையான கதை. ஒரு காலத்தில் இது ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரந்து கிடந்த புதர்க்காடு. தனியாருக்குச் சொந்தமாயிருந்த இந்த இடத்தை, 1821-ல் சென்னை அரசாங்கம் 35,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. அப்போது கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் மன்றோ. தீவுத்திடலருகே அங்கவடி இல்லாமல் குதிரைமேல் வீற்றிருக்கிறாரே, அவர்தான். கவர்னர்களுக்கு நகரத்துக்குள் ஏற்கெனவே ஒரு மாளிகை இருந்தது. புழுக்கம் தாங்காத நாட்களில் ஒதுங்கி இருக்கவும் வேட்டையாடவும் ஊருக்கு வெளியே இது இரண்டாவது மாளிகை ஆயிற்று. 1910-ல் ஒதுக்கப்பட்ட காடு என்று ஆணை போட்டார்கள். விறகு வெட்டப் போகிற ஏழைக்கும், ஆடு மேய்க்கப் போகிற சிறுவனுக்கும் கதவு சாத்திக்கொண்டது. துரைமார் வாழ்க்கையின் சுயநலம் என்று இதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சாத்திய கதவுதான் காட்டைக் காப்பாற்றியது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுதந்தரம் வந்தது, கதவும் திறந்தது. திறந்ததும் என்ன நடந்தது? நல்ல காரியங்கள்தான் நடந்தன. 1956-ல் காந்தி மண்டபம் எழுந்தது. 1958-ல், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அமைப்பதற்காகக் காட்டின் ஒரு பகுதி மத்திய கல்வி அமைச்சகத்துக்குப் போயிற்று. மறு வருஷமே ஐ.ஐ.டி. பிறந்தது. அதே 1958-ல், பிரதமர் நேருவின் விருப்பப்படி, குழந்தைகள் மானைப் பார்க்கட்டும் என்று இன்னொரு பகுதி வன இலாகாவிடம் வந்தது. நாங்கள் நடந்த சிறுவர் பூங்கா அப்படிப் பிறந்ததுதான். 1972-ல் பாம்புப் பண்ணை வந்தது. 1974-ல் ராஜாஜிக்கும், 1975-ல் காமராஜருக்கும் நினைவாலயங்கள் கட்ட நிலம் எடுத்தார்கள். இவற்றில் எதை வேண்டாம் என்று சொல்வது? காந்திக்கு மண்டபம் வேண்டாமா? பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டாமா? காமராஜருக்கு ஒரு துண்டு நிலம் கிடையாதா? கெட்ட காரியத்துக்கு இடம் கேட்டால் மறுக்க வழியுண்டு. நல்ல காரியத்துக்குக் கேட்டால் காடு என்ன பதில் சொல்லும்? துரைமார் தங்களுக்காகக் காட்டை வைத்துக்கொண்டார்கள். நாம் அதை நமக்காகப் பங்கு போட்டோம். மிஞ்சிய பங்கை 1978-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, மீண்டும் ஒரு கதவைச் சாத்தினார்கள். அந்த இரண்டாவது கதவுக்கு நான் கைகூப்புகிறேன்.

1980-களின் பிற்பகுதியில், கவர்னர் மாளிகைக்கும் ஐ.ஐ.டி.க்கும் காட்டுக்கும் நடுவே சுவர்கள் எழுந்தன. அதுவரை மூன்று இடத்திலும் இஷ்டம்போல் மேய்ந்த மான்கள், சுவர் எழும்பிய அன்று எந்தப் பக்கம் நின்றனவோ அந்தப் பக்கத்துக் குடிகளாயின. வேடிக்கை என்னவென்றால், இந்தக் காட்டு மான்களிலேயே வந்தேறிகள் உண்டு. புள்ளிமான்கள் பின்னாளில் கொண்டுவந்து விடப்பட்டவை என்கிறார்கள். 1948 முதல் 1952 வரை கவர்னராக இருந்த பவநகர் மகாராஜா, வெள்ளை நிற வெளிமான்களைத் தம் சீமையிலிருந்து வரவழைத்து இங்கே விட்டார். வெளிமானுக்கு ஓட வெட்டவெளி வேண்டும். புள்ளிமானுக்குப் புதரே போதும். புதர் அடர அடர வெளிமானுக்கு இடம் குறைந்துகொண்டே வந்தது.

இதையெல்லாம் நான் மாமாவுக்கு விவரித்துக்கொண்டே நடந்தேன். அவர் முதலில் சுவாரஸ்யமாகத்தான் கேட்டார். விளாமரத்தைக் கண்டு, பழம் விழுந்திருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தார். வேலியோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே ஆலமரத்தடியில் நாலைந்து மான்கள், எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் காதை ஆட்டிக்கொண்டு நின்றன. குழந்தைகள் கூச்சலிட்டன. எங்கோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. மாமா சட்டென்று எழுந்துவிட்டார்.

"வேற பக்கம் போவோம் மாப்ளே. எங்கப்பாவுக்கு இந்தச் சத்தம் ஆகாது."

தாத்தா இறந்து முப்பது வருஷமாகிறது. ஆகாது என்று நிகழ்காலத்தில் மாமா சொன்னது என்னை என்னவோ செய்தது. இன்னொரு பெஞ்சுக்குப் போனபின் அவரே சொன்னார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். அதை விளங்கிக்கொள்ள நாம் 1942-க்குப் போக வேண்டும்.

அந்த நாளில் வயிற்றுப் பிழைப்புக்காகத் தமிழர்கள் பர்மாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தாத்தா பதினெட்டு வயதில் போய், பெகுவில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். பிறகு பதினான்கு வயதுத் தம்பியையும் வரவழைத்துக்கொண்டார். 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பானியர் ரங்கூன்மேல் குண்டு போட்டார்கள். மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடுகள் வழியாக இந்தியாவை நோக்கி நடந்தார்கள். அந்தச் சில மாதங்களில் பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். வழியில் காலராவாலும் மலேரியாவாலும் பசியாலும் இறந்தவர்களைப் பத்தாயிரம் என்று சொல்பவர்களும் உண்டு; ஐம்பதாயிரம் என்பவர்களும் உண்டு. எண்ணுவதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

மாண்டலே வரை ரயில், சிந்துவின் நதியில் படகு, கலேவாவிலிருந்து கபாவ் பள்ளத்தாக்கு வழியே தமுவுக்கு நடை, அங்கிருந்து மலையேறி மணிப்பூரின் பாலேலுக்கு நடை: இது அந்த வழிகளில் ஒன்று. அந்தக் காட்டிலும் பேதம் இருந்தது. வெள்ளையரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் போக ஒரு பாதை, ஏழை இந்தியர் போக வேறு பாதை என்று பிரித்துவிட்டார்கள் என அப்போதே பெரிய கண்டனம் எழுந்தது. ஜனங்கள் அவற்றுக்கு வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை என்றே பெயர் வைத்தார்கள். ஒரே சாம்ராஜ்யம்தான். கிண்டியில் கவர்னர் உலாவ நிழல் பாதை போட்டதும் அதுதான். தமுக் காட்டில் தோட்டிக்கும் துரைக்கும் தனித்தனிப் பாதை காட்டியதும் அதுதான்.

கறுப்புப் பாதையில் தாத்தாவின் தம்பிக்கு வாந்திபேதி கண்டது. ஓர் ஓடைக்கரை வரை தாத்தா அவனைச் சுமந்து வந்தார். கூட வந்தவர்கள், "நீயும் நின்றால் நீயும் போவாய்" என்று சொல்லி நடந்துவிட்டார்கள். ஓடையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தம்பி தண்ணீர் கேட்டான். தாத்தா தகரக்குவளையில் மொண்டு கொடுத்துவிட்டு, குவளையை அவன் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, எழுந்து நடந்தார்.

"திரும்பிப் பாத்தாரா மாமா?"

"அதைக் கேக்குற தைரியம் எனக்கு வரல மாப்ளே. ஆனா அதுக்கப்புறம் அவரு சும்மா நடந்து நான் பாத்ததில்ல. சுருளி அருவி கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. சாகுறவரைக்கும் அந்த மனுஷன் அங்க போகல."

எங்கள் குடும்பத்தில் யாரும் உலாவப் போகாததற்குக் காரணம் இதுதான் என்று எனக்கு அப்போது தெரிந்தது. நடை என்பது உயிர் தப்புவதற்கு. அல்லது ஒரு காரியத்துக்கு. சும்மா நடப்பது, நடக்க முடியாமல் கிடந்தவனுக்குச் செய்கிற துரோகம். தாத்தா இப்படி ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அதே 1942 ஏப்ரலில் சென்னை நகரமும் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்ததும், ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று நகரவாசிகள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டுக்குப் புறப்பட்டார்கள். அரசாங்க ஆபீஸ்களும் வெளியூர்களுக்குப் போயின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிச் சாலையின் சிங்கம் புலிகளைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். அங்கே மனிதர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். இங்கே காட்டு மிருகங்கள் நகரத்துக்குள் செத்தன. ஜப்பானியர் கடைசிவரை வந்திறங்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் தாத்தா மறுபடி பர்மாவுக்கே போனார். இம்முறை பாட்டியோடு. இங்கே நிலமில்லை; அங்கே வேலை இருந்தது. மாமாவும் என் தாயாரும் பெகுவில் பிறந்தவர்கள். 1962-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே 17-ந் தேதி ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். 1965-ல் எங்கள் குடும்பம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது மாமாவுக்குப் பதின்மூன்று வயது, அம்மாவுக்கு ஏழு. பாட்டியின் மூக்கில் இருந்த மூக்குத்தி ரங்கூனிலேயே நின்றுவிட்டது.

அகதிகளாக வந்தவர்களில் பழனிசெட்டிபட்டியைப் போல் ஒரு சொந்த ஊர் உள்ளவர்கள் அதிருஷ்டசாலிகள். மற்றவர்கள் முகாம்களில் தவித்தார்கள். சிலர், பிறந்த மண்ணே மேல் என்று தரைவழியாகப் பர்மாவுக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு, தமுவுக்கு எதிரே மணிப்பூரின் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழர் கோயில் இருக்கிறது. தாத்தா தம்பியை விட்டுவிட்டு நடந்த அதே திசைவழியை, இருபது சொச்சம் வருஷம் கழித்து அவர்கள் எதிர்ப்புறமாக நடந்திருக்கிறார்கள்! சென்னையில் தங்கியவர்களுக்கு 1969-ல் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய சாலையோரம் கடை போட இடம் கொடுத்தார்கள். அதுதான் பர்மா பஜார்.

கிண்டி ஸ்டேஷனில் மின்சார ரயிலேறி நாங்கள் அங்கேதான் போனோம். யோசனை மாமாவுடையது. பொழுது சாயும் நேரம். பஜாருக்கு எதிர்ப்புறத் தெருக்களில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சளும் சிவப்புமாகக் குவித்துவைத்த நூடுல்ஸ். அதுதான் அத்தோ. கையால் பிசைந்து கலப்பதற்குப் பர்மிய மொழியில் உள்ள சொல் இங்கே வந்து இப்படி ஆகியிருக்கிறது. வண்டிக்காரப் பையன் ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸை அள்ளிப் போட்டான். நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, மிளகாய்த் தூள், எண்ணெய், புளித்தண்ணீர் எல்லாம் சேர்த்தான். பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, கையாலேயே பிசைந்தான். பக்கத்து அடுப்பில் வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வேகவைத்த முட்டையைப் பிளந்து, உள்ளே வறுத்த வெங்காயம் வைத்துத் தந்தான்.

மாமா டாக்டரை மறந்தார். நானும் நினைவுபடுத்தவில்லை. ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, "மீனு எங்கப்பா?" என்று கேட்டார்.

"மீனா? மொய்ங்காவுல ஏது தாத்தா மீனு?" என்றான் பையன்.

மாமா அவனிடம் பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். எனக்குத் தெரிந்து அறுபது வருஷமாக அவர் அந்தப் பாஷையைப் பேசியதில்லை. பையன் சிரித்தான். "அதெல்லாம் எங்க ஆயாவுக்குத்தான் தெரியும் தாத்தா. எனக்கு அத்தோ, பேஜோ, மொய்ங்கா, இந்த மூணு வார்த்தைதான் தெரியும்."

"போதும்பா. மூணு வார்த்தைக்கே கூட்டம் அள்ளுதே" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பி, "புளி தூக்கல். பெகுவுல இப்பிடி இருக்காது. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, இன்னொரு தட்டு வாங்கினார். அதையும் தின்று முடித்துக் கை கழுவும்போது, "இன்னிக்கு எவ்வளவு தூரம் நடந்திருப்போம்?" என்று கேட்டார்.

"ஒன்றரை மைல் இருக்கும் மாமா."

"அவ்வளவுதானா?" என்றார்.

சரித்திரம் எழுதுகிறவர்கள் போர்களையும் கப்பல்களையும் எழுதுகிறார்கள். ஒரு மனிதன் பயமில்லாமல், காரியமில்லாமல், மரநிழலில் அரை மணி நேரம் நடக்கிற நிலைக்கு வந்துசேர எத்தனை தலைமுறை ஆகிறது என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறை ஆயிற்று.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து, வாய்க்கால் கரையில் மாமா போய்க்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். எதிரே வந்த ஒருவர், "என்ன பெரியவரே, எங்க கிளம்பிட்டீக?" என்று விசாரித்தார்.

"சும்மா" என்றார் மாமா.